கேட்காத சங்கு

அவளுக்குக் காது மந்தமாகிக்கொண்டு வந்த விஷயம் கணவனுக்கும் காது டாக்டருக்கும் மட்டுமே தெரியும். மூன்றாவது ஆளுக்குத் தெரியாமல், காதும் காதும் வைத்தாற்போல் சில மாதங்களை ஓட்டிவிட்டாள்.

சிப் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் அவள் எஞ்சினியர். சிலிக்கன் தட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத வாய்க்கால்களை வாயுவாலும் மின்சாரத்தாலும் வெட்டுகிற இயந்திரங்கள் அவள் பொறுப்பு. வாய்க்கால் இம்மியளவு ஆழம் கூடினாலும் தட்டு குப்பைக்குத்தான். ஆழம் சரியாக வந்த நாளில் வீட்டுக்குள் நுழையும்போதே அவள் முகம் சொல்லிவிடும். "எனக்கு ஜுரம் வந்தப்போகூட நீ இவ்வளவு கவலைப்படல. அந்த மெஷினுக்குத் தும்மல் வந்தா ஓடற" என்பான் கணவன்.

ஆபீஸ் அறையில் சமாளிக்க முடிந்தது. காதில் செருகிய கருவியைத் தலைமுடி மறைத்தது. மீதியை எதிரில் இருப்பவர்களின் உதடுகளைப் பார்த்தே புரிந்துகொண்டாள். சிக்கலெல்லாம் இயந்திரங்கள் இருக்கும் சுத்த அறையில்தான். ஒரு துளி தூசி சிப்பைக் கெடுத்துவிடும் என்பதால் அங்கே எல்லோரும் தலை முதல் கால் வரை வெள்ளை உடை. கண் மட்டும்தான் வெளியே தெரியும். அந்த உடையின் தலைமூடியை இழுத்துக் கட்டினால் காதுக் கருவி 'கீ' என்று கத்தும். அதனால் அதைக் கழற்றி லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போவாள். கூரையிலிருந்து ஓயாமல் காற்று இறங்கும் இரைச்சலில், முகமூடிக்குள்ளிருந்து யார் என்ன சொன்னாலும் தலையாட்டி வைப்பாள். பிறகு கணினியில், 'சொன்னதை ஒரு வரி எழுதி அனுப்புங்களேன்' என்று கேட்பாள்.

பக்கத்து இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் எஞ்சினியருக்கு ரேடியோ என்று பட்டப்பெயர். வாய் மூடாதவன். "அக்காவுக்குத் தலைக்கனம். நாலு தடவை கூப்பிட்டா ஒரு தடவைதான் திரும்புவாங்க" என்று கேன்டீனில் அவன் சொன்னது அவளுக்கும் எட்டியிருந்தது. மறுக்கவில்லை. காது கேட்காதவள் என்று தெரிந்தால் சுத்த அறைக்குள் விடமாட்டார்கள். அதற்குத் திமிர் பிடித்தவள் என்ற பெயரே தேவலை.

ஒருநாள் காலை, இயந்திரங்களுக்குப் பின்னால் பம்புகள் உறுமுகிற ஒடுக்கமான சந்தில் மண்டி போட்டு, டார்ச் அடித்து ஒரு குழாய் இணைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது வாயுக் கசிவுக்கான அபாயச் சங்கு ஊதியது. எல்லோரும் வெளியேறி வாகன நிறுத்தத்தில் கூடினார்கள். அவள் குழாயிலேயே கண்ணாக இருந்தாள்.

தோளில் ஒரு கை விழுந்தது. திடுக்கிட்டுத் திரும்பினால் ரேடியோவின் கண்கள். ஏதோ கத்துகிறான் என்பது முகமூடி துடித்ததில் தெரிந்தது. ஒரு சொல்கூட விளங்கவில்லை. என்ன செய்கிறோம் என்று யோசிக்காமலே அவன் வாயை நோக்கி விரலை நீட்டினாள்.

ஒரு கணம் அவளையே பார்த்தான். பிறகு அந்த அறையில் யாரும் செய்யக்கூடாத காரியத்தைச் செய்தான். முகமூடியைக் கீழே இழுத்துவிட்டான்.

"சங்கு ஊதுதுக்கா! வா!"

இருவரும் ஓடினார்கள்.

கசிவு மிகச் சிறியது. வாயு சிலிண்டர்களை வைத்திருக்கும் அலமாரியைத் தாண்டி வரவில்லை என்று பிறகு தெரிந்தது. வெளியே நடைபாதை விளிம்பில் அவன் வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தான். அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது.

"அப்போ இத்தனை நாளும் திமிர் இல்லையாக்கா?"

"திமிரும் உண்டு. ஆனா அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல."

சிரித்தான். அவளுக்குத்தான் அழுகை வந்துவிட்டது.

மத்தியானம் மேனேஜர் அறையில் அவளே எல்லாவற்றையும் சொன்னாள். பாதுகாப்பு அதிகாரி முதலில் ரேடியோவைப் பிடித்துக்கொண்டார். "ஆள் உள்ள இருந்தா எங்கிட்ட சொல்லணும். நீங்களா திரும்பிப் போறதுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?" பிறகு அவள் பக்கம் திரும்பினார். "மன்னிச்சுக்கம்மா. இனிமே உன்னை உள்ள விட முடியாது."

அவர் சொன்னதில் தப்பில்லை என்று அவளுக்கே பட்டது. மேனேஜர் அதிகம் பேசாதவர். பேனா மூடியைத் திருகிக்கொண்டே கேட்டார்: "அந்தச் சந்துல சங்கு மத்தவங்களுக்குக் கேட்குதா? பார்த்திருக்கோமா?"

யாரும் பார்த்திருக்கவில்லை.

மறுநாள் சோதித்தார்கள். நல்ல காதுள்ள சிலரைப் பம்புகளுக்கு நடுவே நிறுத்திச் சங்கை ஊதினார்கள். பாதிப் பேர் கையைத் தூக்கவே இல்லை. அவர்களோடு நின்ற பாதுகாப்பு அதிகாரி வெளியே வந்து, மேனேஜர் முன்னால் தலைமூடியை அவிழ்த்தார். முகம் வெளுத்திருந்தது.

"எனக்கே கேட்கலையே சார். இவ்வளவு நாள் செவிடன் காதுல ஊதின சங்கா இருந்திருக்கு."

சொன்ன பிறகுதான் அவள் பக்கத்தில் நிற்பது அவருக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார். "பரவாயில்ல சார், பழமொழி நம்ம ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான்" என்றாள். முதலில் சிரித்தவர் பாதுகாப்பு அதிகாரிதான்.

சந்துக்குச் சந்து சிவப்பு விளக்குகள் பொருத்தினார்கள். சங்கு ஊதினால் விளக்குகள் பளிச்சிடும். சட்டைப் பையில் வைக்கும் சின்னப் பெட்டி ஒன்று அதிரும். அதெல்லாம் முடியும்வரை அவள் மேசை வேலை பார்த்தாள். விளக்குகள் சரியாக வேலை செய்கின்றனவா என்று ஒவ்வொரு சந்தாக நடந்து பார்த்தபின், அவள் திரும்பி வருவதற்கான அனுமதியில் பாதுகாப்பு அதிகாரியே கையெழுத்துப் போட்டார்.

அவள் மறுபடி உள்ளே போன நாள், உடை மாற்றும் அறையில் யாரும் முகமூடி போட்டிருக்கவில்லை. எல்லோரும் அவளுக்காகக் காத்திருந்தார்கள். அன்றைக்கு யாருக்கு என்ன வேலை, எந்த இயந்திரத்தில் கோளாறு என்று ஒவ்வொருவராக அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னார்கள். சொல்லி முடித்த பிறகே முகத்தை மூடினார்கள். உள்ளே பேசுவதற்கு ரேடியோ கைச் சைகைகளை உண்டாக்கி வைத்திருந்தான். 'கதவைத் திற', 'அழுத்தம் குறையுது', 'மேனேஜர் வர்றார், சுறுசுறுப்பா இரு'. கடைசிச் சைகையைத்தான் எல்லோரும் முதலில் கற்றுக்கொண்டார்கள்.

"எனக்காக இவ்வளவு சிரமம் எதுக்கு?" என்று கேட்டாள்.

"உனக்காக மட்டும்னு யாருக்கா சொன்னது? உள்ள கத்திக் கத்தி என் தொண்டையே போச்சு" என்றான்.

நன்றி என்ற சொல்லுக்குச் சைகை இன்னும் வைக்கவில்லை. உள்ளே போனதும் அவள் கையுறை போட்ட இரண்டு கைகளையும் குவித்துக் காட்டினாள். அவன் 'அழுத்தம் குறையுது' என்று சைகை காட்டி, அவளுடைய இயந்திரத்தைச் சுட்டினான். நிஜமாகவே குறைந்துகொண்டிருந்தது. அவள் ஓடினாள்.