இறுகும் நேரம்

மேஸ்திரி வாளித் தண்ணீரில் பிளாஸ்டர் மாவை விரலிடுக்கு வழியாகத் தூவிக்கொண்டிருந்தார். மாவைத்தான் தண்ணீரில் போட வேண்டும். மாவில் தண்ணீரை ஊற்றினால் கட்டி தட்டிவிடும். தூவியது தானாக முழுகும்வரை பொறுத்திருந்து, கையை வாளியின் அடியிலேயே வைத்துக் கலக்க வேண்டும். மேலே கலக்கினால் காற்று புகும், காற்று புகுந்தால் அச்சில் அம்மைத் தழும்பு மாதிரி குழி விழும். இதையெல்லாம் அவர் வாய் ஓயாமல் சொன்னார். கேட்க இருந்தது ஒரே ஆள். கூடத்தில் நாலு தலையணையை முட்டுக்கொடுத்துச் சாய்ந்திருந்த அவர் மனைவி, வாஸ்லைன் பூசி மினுமினுத்த ஒன்பதாம் மாத வயிற்றோடு.

"உள்ள இருக்கறவங்களுக்கே புரிஞ்சிடுச்சு. இன்னும் கொஞ்சம் சொன்னீங்கன்னா அவங்களே வெளிய வந்து கலக்கிடுவாங்க" என்றாள்.

ஆசை அவளுடையது. அவள் வேலை பார்க்கும் தையல் கூடத்தில் ஒரு தோழி, பிரசவத்துக்கு முன் தன் வயிற்றை அச்செடுத்து வர்ணம் பூசிச் சுவரில் மாட்டியிருந்தாள். மருந்துக் கடையில் விற்கும் மாவுக்கட்டுச் சுருளை நனைத்து மெலிதாக நாலு அடுக்கு ஒட்டினால் போதும் என்று அவள் சொன்னதைக் கேட்டு, இவளும் சுருள்கள் வாங்கி வைத்திருந்தாள். மேஸ்திரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பன்னெண்டு வருஷமா ஊரான் வீட்டு சீலிங்ல பூ வார்த்துக்கிட்டிருக்கேன். என் வீட்ல துணி சுத்தச் சொல்றியா?" சுருளில் துணியின் இழைதான் பதியும், தன் மாவில் தோலின் ரேகைகூடப் பதியும் என்றார். சுருள்கள் பிரிக்காமலே அலமாரியில் கிடந்தன. வேலையிடத்திலிருந்து அரை மூட்டை மாவு வீட்டுக்கு வந்தது. சீக்கிரம் இறுகட்டும் என்று ஒரு சிட்டிகை உப்பும் போட்டார்.

வயிற்றின் மேல் இரண்டு விரல் கனத்துக்குப் பூசினார். தயிர் மாதிரி இருந்த மாவு பத்து நிமிடத்தில் பளபளப்பு இழந்தது.

"ஏங்க, சூடாவுது."

அவர் முகம் மலர்ந்தது. இது கல்லு தெரியுமா, என்று ஆரம்பித்தார். கல்லைச் சூளையில் சுட்டு அதிலிருக்கும் தண்ணீரை விரட்டினால் மாவு. அந்தத் தண்ணீரைத் திருப்பிக் கொடுத்தால் மறுபடி கல். சூளையில் வாங்கி வைத்த சூட்டை அப்போது வெளியே விட்டுவிடும். "சூடு வந்தா நல்லா இறுகுதுன்னு அர்த்தம்." புறங்கையை அச்சின் மேல் வைத்துப் பார்த்தார். வெதுவெதுவென்றிருந்தது. வேலையிடத்தில் அவர் எப்போதும் பார்ப்பது அப்படித்தான், வெளிப்பக்கத்தை.

"எடுத்துடுங்களேன்."

"அஞ்சே நிமிஷம். இப்ப எடுத்தா விரிசல் விட்டுடும்."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு மின்விசிறியைப் பார்த்தாள். வீட்டுக்கணக்கிலிருந்து பெண்ணா பையனா என்பது வரை எதிலும் அவரோடு மல்லுக்கு நிற்பவள், வேலை விஷயத்தில் மட்டும் அவர் சொல்வதை அப்படியே நம்புவாள். மூன்றாம் முறை அவள் கேட்கவில்லை. இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. அடிவயிற்றின் வளைவில் அச்சு கவ்வியிருந்தது. மேஸ்திரி பட்டி பூசும் தகட்டை ஓரத்தில் செருகி, தண்ணீர் விட்டு நெம்பினார். உறிஞ்சுவது போன்ற சத்தத்தோடு அது விட்டுக்கொடுத்தது.

அவர் முதலில் அதைத் திருப்பிப் பார்த்தார். ஒரு குழி இல்லை. தொப்புளின் மடிப்பு, தோல் விரிந்த கோடுகள், எல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இருந்தன. "அடடா" என்று வாயிலிருந்து தானாக வந்தது.

அப்புறம்தான் நிமிர்ந்தார். தொப்புளுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குச் செக்கச்செவேலென்றிருந்தது. ஒரு ஓரத்தில் தோல் கொப்புளமாக எழும்பிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆட்டோவில் அவள் வயிற்றின் மேல் ஈரத்துண்டு ஒன்று கிடந்தது. அதைப் பிடிக்க அவர் கை நீட்டினார். அவள் தானே பிடித்துக்கொண்டாள்.

மருத்துவமனையில் நர்ஸ் முதலில் குழந்தையின் துடிப்பைக் கேட்டாள். சிறிய கருவியிலிருந்து ஓடும் குதிரை மாதிரி சத்தம் வந்தது. "குழந்தை நல்லாருக்கு. இது எப்படிம்மா?"

"வெந்நீர் ஒத்தடம் குடுத்தேன் சிஸ்டர். சூடு கொஞ்சம் அதிகமாயிடுச்சு."

"வயித்துல போயா? படிச்ச பொண்ணுதானே நீ? கொஞ்சமாவது அறிவு வேணாமா?"

மேஸ்திரி கதவோரம் நின்றார். கேட்காமலே போட்டுத் தந்த பாய் மாதிரி அந்தப் பொய் அவர் முன்னால் விரிந்து கிடந்தது. படுத்துக்கொண்டால் போதும். நர்ஸ் திட்டிக்கொண்டே மருந்து எழுதினாள். மனைவி தலையைத் தலையை ஆட்டினாள். முழங்கை வரை வெள்ளையாய்க் காய்ந்து வெடித்திருந்த கைகளை அவர் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். நர்ஸ் தாளைக் கிழித்து நீட்டியபோது வாங்குவதற்குக் கையை முன்னால் கொண்டுவர வேண்டியதாயிற்று.

"வெந்நீர் இல்ல சிஸ்டர்" என்றார். "நான்தான். பிளாஸ்டர்ல வயித்தை அச்செடுத்தேன். அது தண்ணி பட்டா சூடாகும். கனமா பூசினா இன்னும் சூடு, உள்ளயே தங்கிடும். உப்பு போட்டா சீக்கிரம் ஏறும். அது எனக்குத் தெரியும். ஏன்னா அது சூளையில…"

"அது எப்படி வேலை செய்யுதுன்னு நான் கேக்கல" என்றாள் நர்ஸ். "சுடுதுன்னு அவங்க சொல்லலையா?"

"சொன்னா."

"அப்புறம் ஏன் எடுக்கல?"

மனைவி சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் உண்மையைச் சொன்னதில் அவள் பொய்க்காரியாகிப் போனது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

நர்ஸ் அவரைக் குழாயடிக்கு அனுப்பிக் கை கழுவ வைத்தாள். நனைத்த துணி ஒன்றைக் கொடுத்து, டாக்டர் வரும்வரை அழுத்தாமல் பிடித்துக்கொண்டிருக்கச் சொல்லிவிட்டுப் போனாள்.

அவர் துணியை வைத்தார். அவள் தடுக்கவில்லை, திரும்பவும் இல்லை. துணியின் குளிர்ச்சிக்கோ என்னவோ, உள்ளேயிருந்து ஒரு சின்னக் குதிகால் எழும்பி அவர் உள்ளங்கையில் முட்டியது. அவள் உடம்பு வலியில் விறைத்தது. கையை எடுப்பதா, வைப்பதா என்று தெரியவில்லை.

"சொல்லு" என்றார் மேஸ்திரி. "எடுக்கவா?"

அவள் பதில் சொல்லும்வரை, கை பட்டும் படாமலும் அந்தரத்தில் நின்றது. துணியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.