ரம்புட்டான் கடையில் தொங்கிய வயர்

வளைகுடாவிலிருந்து வரும் பெட்டியைப் பிரிக்க மிஸ்ரியாவுக்கு அரை மணி நேரம் போதும். யார் வீட்டுக்கு எது என்று பெட்டி வந்து சேருவதற்கு முன்பே மனசுக்குள் பங்கு போட்டுவிடுவாள். இந்தத் தடவையும் புருஷன் இத்ரீஸ் குளித்துவிட்டு வருவதற்குள் சோப்பு, பால்பவுடர், தைலம், டார்ச் எல்லாம் பதினொரு பைகளாகிவிட்டன. சாயங்காலத்துக்குள் பதினொரு வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்தும் விட்டன. அந்தச் சுறுசுறுப்புதான் வினையாகிப் போனது.

"இந்தக் கார்டுகூட ஒரு கறுப்பு வயரு இருந்துச்சே, எங்கன வச்ச?" என்று மறுநாள் காலையில் இத்ரீஸ் கேட்டான். அவன் கையில் தீப்பெட்டியை விடச் சற்றுப் பெரிய, மெல்லிய தகடு ஒன்று இருந்தது.

"எந்த வயரு?"

"சாண் நீளம். ஒரு முனை சப்பையா இருக்கும். மறுமுனையில சின்ன டப்பா."

மிஸ்ரியா அலமாரியைத் திரும்பிப் பார்த்தாள். "அது டார்ச்சுக்குச் சார்ஜ் போடுத வயரு இல்லையா?"

அலமாரியில் இருந்த பழைய லேப்டாப்பில் மிஸ்ரியா ஒரு நாவல் எழுதி வைத்திருந்தாள். உலகத்தில் அதற்கு வேறு பிரதி கிடையாது. கல்யாணமான புதிதில், இத்ரீஸ் ஷார்ஜாவில் இருக்க, தென்காசியில் மாமியார் வீட்டு மாடி அறையில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கதவைச் சாத்திக்கொண்டு ஆறு வருஷம் எழுதியது. எழுதி முடித்த வருஷமே பிளாப்பி போடும் இடம் கெட்டது. பென் டிரைவ் செருக அதில் வழியே இல்லை. இப்போது மூன்று தடவை பொத்தானை அழுத்தினால் ஒரு தடவைதான் உயிர் வருகிறது. அப்போதும் உள்ளே ஏதோ கடகடவென்று அரைக்கிறது. பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடைக்காரர், விட்டுட்டுப் போங்க, கழற்றிப் பார்க்கலாம் என்றார். அதை வீட்டை விட்டு அனுப்ப அவளுக்கு மனசு வரவில்லை.

போன ரமலானில்தான் இத்ரீஸிடம் ஃபோனில் விஷயத்தைச் சொன்னாள். சிரிப்பான் என்று நினைத்தாள். "எத்தன பக்கம்?" என்று மட்டும் கேட்டான். ஷார்ஜாவில் ஆபீஸ்களுக்கு நெட்வொர்க் கேபிள் இழுப்பதுதான் அவன் வேலை. பழைய சாமான் கடைகளில் ஏறி இறங்கி, அந்த லேப்டாப்பின் பக்கவாட்டில் செருகுகிற இந்த நெட்வொர்க் கார்டைப் பிடித்துவிட்டான். கார்டில் கறுப்பு வயரை மாட்டி, வயரின் டப்பாவில் கேபிளைச் சேர்த்தால் நாவல் அவன் கொண்டுவந்திருக்கும் புது லேப்டாப்புக்கு வந்துவிடும். வயர் இல்லையென்றால் கார்டு வெறும் தகடு.

"வேற வாங்க முடியாதா?"

"இந்த முனை இப்ப எவன் விக்குதான்? யாருக்குக் குடுத்த?"

"உங்க லாத்தாவுக்கு."

இத்ரீஸ் கார்டை மேஜைமேல் வைத்துவிட்டான்.

கொடுத்த சாமானைத் திருப்பிக் கேட்பது எந்த வீட்டிலும் கேவலம். அதிலும் ஜாஹிரா பீவியிடம் கேட்பதாவது! இத்ரீஸின் அக்காள் அவள். அவள் புருஷனும் அப்போது வளைகுடாவில் இருக்க, அந்த ஆறு வருஷமும் அதே வீட்டில் இருந்து, மிஸ்ரியா வைத்த குழம்பில் உப்பு கூடினால் தெரு முழுக்கச் சொல்லி வைத்தவள். நாவலில் மைமூன் என்று வருவது அவள்தான். பேரைத் தவிர மிஸ்ரியா வேறெதையும் மாற்றவில்லை.

"நான் போய்க் கேக்கட்டா?" என்றான் இத்ரீஸ்.

"குடுத்தது நான். நானே கேக்குதேன்."

சீசன் மாதங்களில் ஜாஹிரா பீவியும் அவள் புருஷனும் ஐந்தருவிக்குப் போகிற ரோட்டில் பழக்கடை போடுவார்கள். பஸ் மேலகரம் தாண்டுவதற்குள் மிஸ்ரியா மூன்று பொய்களைத் தயார் செய்துவிட்டாள். பஸ்ஸை விட்டு இறங்கியதும் சாரல் முகத்தில் அடித்தது.

"வாட்டி," என்றாள் ஜாஹிரா பீவி. "நீ தந்த டார்ச்சுக்கு அந்த வயரு சேரவே இல்ல. எனக்குன்னா மட்டும் பழுதாப் பாத்து எடுத்துப் போடுவியோ?"

அவள் தலைக்கு மேலே, தார்ப்பாய்க் கம்பில், ஒரு கொத்து ரம்புட்டான் தொங்கியது. கொத்தைக் கட்டியிருந்தது அந்தக் கறுப்பு வயர்தான்.

"அது டார்ச்சு வயரு இல்ல மைனி. தெரியாமக் குடுத்துட்டேன். எனக்கு அது வேணும்."

"எதுக்கு?"

மூன்று பொய்களில் ஒன்றுகூட சமயத்துக்கு வரவில்லை. "நான் ஒரு கதை எழுதிருக்கேன். பழைய கம்ப்யூட்டருக்குள்ள மாட்டிக்கிட்டு கெடக்கு."

ஜாஹிரா பீவி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கொத்தை இறக்கி வயரை அவிழ்த்தாள். அதை மிஸ்ரியா கையில் கொடுக்காமல் தன் பர்ஸுக்குள் போட்டுக்கொண்டாள்.

"நானும் வருதேன். என்ன கதைன்னு பாக்கணும்."

வீட்டில் இத்ரீஸ் வயரைத் துடைத்து, டப்பாவுக்குள் போயிருந்த ஈரத்தை முடி காயவைக்கும் மெஷினால் உலர்த்தினான். நான்காவது அழுத்தலில் லேப்டாப்புக்கு உயிர் வந்தது. கார்டைச் செருகி, வயரை மாட்டி, கேபிளைச் சேர்த்தான். டப்பாவில் குட்டியாக ஒரு பச்சை விளக்கு எரிந்தது. மிஸ்ரியா திரைக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள். அத்தியாயங்கள் ஒவ்வொன்றாக வந்தன. கடைசி அத்தியாயமான முப்பத்தொன்றாவது வந்து சேர்ந்ததும் மைனி பக்கத்தில் இருக்கிறாள் என்றுகூடப் பார்க்காமல் அழுதுவிட்டாள்.

புது லேப்டாப்பில் திறந்தபோது எழுத்தெல்லாம் கிறுக்கலாக நின்றது. பழையதிலிருந்து எழுத்துருவையும் இழுத்துப் போட்டதும் தமிழாகிவிட்டது.

ஜாஹிரா பீவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள். ஒருவரும் அவளைத் தடுக்கவில்லை. ஒரு மணி நேரம் வாசித்தாள். ஏழாவது அத்தியாயத்தில் நிறுத்தினாள்.

"இந்த மைமூனு நாந்தான?"

மிஸ்ரியா பேரை மாற்றியதே இந்தக் கேள்விக்கு அஞ்சித்தான். ஆனாலும் சொன்னாள். "ஆமா மைனி."

"இங்கன தப்பா எழுதிருக்க." ஜாஹிரா பீவியின் விரல் திரையைத் தொட்டது. பெருநாள் அன்று புருஷன் ஃபோன் செய்வான் என்று புதுப்புடவை கட்டி மாடியில் காத்திருந்த பெண்ணின் கதை அங்கே இருந்தது. "அன்னைக்கு ஃபோன் வந்துச்சு. நாந்தான் எடுத்தேன். நீ தூங்குதன்னு சொல்லி வச்சிட்டேன்."

மிஸ்ரியாவுக்குக் கோபம் தலைக்கேறியது. அந்தப் பெருநாளை அவள் இத்ரீஸ் கணக்கில்தான் எழுதி வைத்திருந்தாள். ஒரு தடவைகூட அவனிடம் கேட்டதில்லை. கேட்டால் சண்டை வரும். ஃபோன் கார்டில் சண்டைக்கெல்லாம் நிமிஷம் கிடையாது.

"மக்ரிபு தொழுகைக்குப் பொறவு மறுபடியும் அடிச்சேன்," என்றான் இத்ரீஸ், கேபிளைக் கையில் வைத்துக்கொண்டு. "அப்பவும் நீ தூங்குதன்னாங்க. சரி, பேச இஷ்டமில்ல போலன்னு நெனச்சேன்."

"அதுவும் நாந்தான்," என்றாள் ஜாஹிரா பீவி. கண்ணாடியைக் கழற்றிவிட்டாள். "எம்புருசன் அந்தப் பெருநாளைக்கு ஒரு தடவகூட அடிக்கலட்டி."

மிஸ்ரியா புது லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினாள். 'அவன் கூப்பிடவில்லை' என்ற வரியை ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். 'இரண்டு தடவை கூப்பிட்டான்' என்று அடித்தாள். அதற்குக் கீழே, 'மைமூனுக்கு யாரும் கூப்பிடவில்லை' என்றும் அடித்தாள்.