மேல ரேக்கு

மேல்தட்டில் ஏழாம் கூண்டுக் கருப்புச் சுண்டெலிக்கு ரத்தச் சர்க்கரை முந்நூற்று எண்பது. எதிர்ச் சுவரோரம் நிற்கும் இன்னொரு ரேக்கில், அதே மேல்தட்டில், அதே கருப்பு இனத்து இருபத்து மூன்றாம் கூண்டு எலிக்கு நூற்றுப் பதினெட்டு. ஹீனா மீட்டரைத் தட்டினாள், புதுப் பட்டை மாட்டினாள், உதவியாளர் மாதையனை மறுபடியும் எலியைப் பிடிக்கச் சொல்லி வால் நுனியில் ஒரு சொட்டு எடுத்தாள். அதே நூற்றுப் பதினெட்டு.

தருமபுரிக் கல்லூரி ஒன்றின் எலிக்கூடம் அது. அவள் ஆராய்ச்சி சின்னதுதான், ஆனால் இரண்டு வருஷத்து உழைப்பு. கருப்பு எலிகளுக்குப் பரம்பரையிலேயே சர்க்கரை வரும் வாய்ப்பு உண்டு. வெள்ளைக்கு அந்த வம்பு கிடையாது. எல்லாத் தட்டிலும் பாதி கருப்பு, பாதி வெள்ளை. மேல்தட்டுகளுக்குக் கொழுப்புத் தீனி, கீழ்த்தட்டுகளுக்குச் சாமைத் தீனி. எட்டு வாரம் கழித்துப் பார்த்தால் வில்லன் பிறப்பா, தீனியா என்று தெரிந்துவிடும். தீனி தொடங்கிய அன்று காலையில்தான் அப்பாவின் கால் கட்டைவிரலை எடுக்க வேண்டும் என்று போன் வந்தது. ஊருக்கெல்லாம் செருப்பு மாட்டிவிட்ட அப்துல் ஷுக்கூருக்குச் சர்க்கரை காலிலேயே கை வைத்தது. எலிகளை மாதையனிடம் விட்டுவிட்டு ஓடியவள், புண் ஆறியதும் அவர் செருப்புக் கடையைத் திறந்துவைத்துவிட்டு, எட்டு வாரம் கழித்து இன்றுதான் திரும்பியிருக்கிறாள்.

அப்பாவுக்கு முப்பத்தைந்து வயதில் வந்தது. அண்ணன் சோஹைலுக்கு முப்பதில். ஹீனாவுக்கு இருபத்தெட்டு நடக்கிறது. நூற்றுக்கணக்கான எலி வால்களைக் குத்தியவள் தன் விரலை ஒருமுறைகூடக் குத்திப் பார்த்ததில்லை. பயம்தான், வேறென்ன. விதி எழுதி முடிந்துவிட்டதா என்று எலிகள் முதலில் சொல்லட்டும் என்று நினைத்திருந்தாள். எலிகளோ உளறுகின்றன.

"மாதையண்ணா, தீனிய மாத்திப் போட்டுட்டீங்களா?"

மாதையனுக்குச் சுருக்கென்றது. "நானெதுக்குங்க மேடம் மாத்தறேன்? நீங்க சொன்னாப்லயே மேல ரேக்குக்குக் கொழுப்பு, கீழ ரேக்குக்குச் சாமை. ஒரு நாள் தப்பலீங்க."

"மேல ரேக்குன்னா எதுங்கண்ணா?"

அவர் மேற்குச் சுவரோர ரேக்கைக் காட்டினார். "அது மேல ரேக்கு." பிறகு கிழக்குச் சுவர்ப் பக்கம் திரும்பி, "இது கீழ ரேக்கு. எங்க வத்தல்மலையில மேல காடு, கீழ காடுன்னுதானுங்க சொல்லுவோம்."

ஹீனாவுக்குத் தட்டு ஒவ்வொன்றும் ஒரு ரேக்கு. மாதையனுக்கு முழு இரும்புச் சட்டமும் சேர்ந்தால்தான் ரேக்கு; மேல என்றால் மேற்கு, கீழ என்றால் கிழக்கு. சன்னலே இல்லாத குழல்விளக்கு அறைக்குள்ளும் மனிதர் திசை தப்பவில்லை. சிரிப்பு வந்திருக்க வேண்டும், அழுகைதான் வந்தது. தீனி மூட்டை மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மாதையன் கையைப் பிசைந்தார். "கண்ணக் கசக்காதீங்க மேடம். எதுன்னாலும் நான் பாத்ததச் சொல்றேன். எல்லாக் கருப்பனும் ஒரே வகையறாதானுங்களே? மேலண்ட இருக்கறது ஓயாம தண்ணி குடிக்குது, தினம் அடியில போட்ட தவிடு நனைஞ்சு போவுது. கீழண்ட இருக்கறது ஈரமே பண்றதில்ல. நெறத்துல கருப்புங்கறதுக்காகச் சீக்கா வந்துடுது?"

ஹீனா கண்ணைத் துடைக்காமலே நோட்டை இழுத்தாள். மேல்தட்டு, கீழ்த்தட்டு என்ற தலைப்புகளை அடித்துவிட்டு மேற்கு, கிழக்கு என்று எழுதினாள். ஒவ்வொரு ரேக்கிலும் இரண்டு இனமும் சரிபாதி இருக்கிறதே! மீதி எலிகளையும் சோதித்து எண்களை அதன்படி நிரப்பிக்கொண்டே போனாள். மேற்கே கருப்பு, ஒன்று விடாமல் முந்நூறுக்கு மேல். மேற்கே வெள்ளை, கொழுத்திருக்கிறதே தவிரச் சர்க்கரை கொஞ்சம்தான் ஏறியிருக்கிறது. கிழக்கே வெள்ளை சுகம். கிழக்கே கருப்பு? ஒன்றுகூட நூற்று முப்பதைத் தாண்டவில்லை. கூட்டிப் பார்த்தாள், கழித்துப் பார்த்தாள், அப்படியேதான் இருந்தது. எட்டு வாரமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது எதுவோ இறங்கிப்போனது.

"எதுவும் கெட்டுப் போகலண்ணா. நல்லாத்தான் பண்ணியிருக்கீங்க."

"சாமை எங்க மலைச் சாமைங்க, சும்மாவா?" என்று மாதையன் முழு ஆராய்ச்சியையும் தன் ஊர்க் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

இருபத்து மூன்றாம் கூண்டில் கருப்பன் பின்னங்கால்களில் நின்று முகம் கழுவிக்கொண்டிருந்தான். ஹீனா அவனையே பார்த்திருந்தாள். பிறகு புது ஊசி ஒன்றைப் பிரித்தாள், மீட்டரில் பட்டையைச் செருகினாள், தன் மோதிரவிரல் நுனியைத் துடைத்தாள். "எதுக்குங்க மேடம்?" என்றார் மாதையன். அவள் குத்தினாள்.

மணி போல் ஒரு சொட்டு எழும்பியது. பட்டை அதை உறிஞ்சிக்கொள்ள, மீட்டர் ஐந்திலிருந்து கீழே எண்ணத் தொடங்கியது. காலையிலிருந்து அறுபத்து நான்கு வால்களைக் கண் சிமிட்டாமல் பிடித்துக் கொடுத்த மாதையன், மனுஷ ரத்தத்தைப் பார்க்க மாட்டாமல், முகத்தை மேலண்டப் பக்கம் திருப்பிக்கொண்டார்.