எங்கள் ஊரில் என்னென்ன இல்லை

எங்கள் மெரிகால் ஊர்ப் பன்றிப் பண்ணையின் வெல்டர் ரோடெல் மக்பானுவாவுக்கு உடம்பில் ஒரு குறையும் கிடையாது. மனைவி நெனிதாவுக்கும் கிடையாது. ஏழு வயது மகள் ஜாய்லினுக்குப் பிறவியிலேயே கைகால் இழுத்துக்கொள்ளும், சக்கர நாற்காலிதான். ஆஸ்திரேலியாவில் நிரந்தரமாகக் குடியிருக்கக் கேட்டால் குடும்பமே மருத்துவப் பரிசோதனையில் தேற வேண்டும். ஒருவர் தேறாவிட்டால் எல்லோரும் பெயில். ஜாய்லினால் அரசுக்கு வருங்காலத்தில் ஆகக்கூடிய செலவை, அவளைப் பார்க்காமலே ஒரு மருத்துவர் கணக்குப் போட்டு, அதிகம் என்றார். விண்ணப்பம் தள்ளுபடி. மிச்சம் இருந்தது மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம். அங்கேயும் இல்லை என்றால் மூவரும் பிலிப்பைன்சுக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

ஊர் பொங்கி எழுந்தது. எங்கள் ஊர் பொங்கினால் சாசேஜ் சுட்டு விற்று நிதி திரட்டுவோம். அன்று அடுப்பு மக்கர் பண்ணியபோது அதைச் சரிசெய்து கொடுத்தவரும் ரோடெல்தான்.

அப்புறம் மேயர் டெர்ரி ஒட்ஜர்ஸ், தாமே சாட்சி சொல்லப் போவதாக அறிவித்தார். டயர் கடையைத் திறந்துவைக்கக் கூப்பிட்டாலும் தேசத்தின் எதிர்காலத்தைப் பற்றிப் பேசுகிறவர் அவர்.

விசாரணை மெல்போர்னிலிருந்து வீடியோவில். நகராட்சிக் கூடத்தில் திரை கட்டினோம். நான் நகராட்சி ஊழியன், மைக் என் பொறுப்பு. உள்ளூர்ப் பத்திரிகைக்காரி கர்ஸ்டி இரண்டாம் வரிசையில் பேனாவோடு. டெர்ரி கழுத்தில் மேயர் சங்கிலி தொங்க வந்து சேர்ந்தார்.

"எதுக்கு டெர்ரி இது?" என்றேன்.

"மெல்போர்ன்காரங்களுக்கு நாம யாருன்னு தெரியணும், மேட்."

திரையில் தீர்ப்பாய உறுப்பினர், வர்தாகிஸ் என்ற அம்மாள். "எவ்வளவு செலவாகும்ங்கறதுதான் இங்க முக்கியமான கேள்வி. அந்தக் குழந்தைக்கு உங்க ஊர்ல என்னென்ன வசதி இருக்கு, மேயர்?"

டெர்ரியிடம் இவ்வளவு இனிப்பான கேள்வியை அதுவரை யாரும் கேட்டதில்லை. "எல்லாமே இருக்கு மேடம். நீர்ச் சிகிச்சைக் குளம். பிசியோதெரபிஸ்ட். பள்ளியில சிறப்பு வகுப்பு. சக்கர நாற்காலியோட ஏறுற பஸ். எல்லாம் அரசு செலவுல."

"ஜாய்லின் இதையெல்லாம் பயன்படுத்துவாளா?"

"தினமும்."

அந்த அம்மாள் எழுதிக்கொண்டே போனார். ஒவ்வொரு வசதிக்கும் ஒரு விலை உண்டு, அது அப்படியே ஜாய்லின் கணக்கில் ஏறுகிறது என்பது டெர்ரியைத் தவிர கூடத்தில் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. ரோடெல் தரையைப் பார்த்தார். நெனிதா எழுந்தாள்.

"மேயர் சார், அந்தக் குளத்துல தண்ணி இருக்கா?"

"பராமரிப்புல இருக்கு."

"நாங்க வந்த நாள்லேர்ந்து அதுல ஆடு மேயறதைத்தான் சார் பார்க்கறேன்."

"மேயர், உண்மை சொல்றதா உறுதி எடுத்திருக்கீங்க" என்றார் வர்தாகிஸ். "பிசியோதெரபிஸ்ட்?"

டெர்ரி கர்ஸ்டியின் பேனாவைப் பார்த்தார். அக்டோபரில் நகராட்சித் தேர்தல். பிறகு ரோடெலைப் பார்த்தார்.

"கல்யாணமாகி பெர்த்துக்குப் போயிட்டாங்க."

"சிறப்பு வகுப்பு?"

"அறை இருக்கு. டீச்சர் இல்லை. உடைஞ்ச நாற்காலியெல்லாம் அடுக்கி வெச்சிருக்கோம்."

"பஸ்?"

"பஸ் ஓடுது. நாற்காலியைத் தூக்கற பலகைதான் இறங்காது." குரல் சங்கிலிக்குள் போய்விட்டது. "உண்மையைச் சொன்னா மேடம், இந்த ஊர்ல ஒண்ணுமே இல்லை. அந்தப் பிள்ளைக்கு எல்லாம் அவங்கம்மாதான்."

"கடைசியா சொன்னது கேட்கலை."

நான் மைக்கைக் கூட்டி வைத்தேன். டெர்ரி இன்னொரு தடவை சொல்ல வேண்டியதாயிற்று.

குளிர்காலம் முடிவதற்குள் தீர்ப்பு வந்தது. மூவரும் இருக்கலாம். தந்தையின் உழைப்பு ஊருக்குத் தேவை. மெரிகாலில் இந்தக் குழந்தைக்காக அரசு செலவு செய்ய வழியே இல்லை என்பதை மேயரே உறுதிப்படுத்தியிருக்கிறார். கர்ஸ்டி அந்த வரியை முதல் பக்கத்தில், பெரிய எழுத்தில், ஒரு சொல் மாற்றாமல் போட்டாள்.

பண்ணைக் கொட்டகையில் விருந்து. நெனிதா டெர்ரியின் தட்டில் நூடுல்ஸ் வைத்தாள்.

"இனி நீங்க நிரந்தரமா எங்க ஊர்க்காரங்க" என்றார் டெர்ரி.

"பெண்டிகோ டவுன்ல வீடு பார்த்துட்டோம், சார். ஜாய்லினுக்கு அங்க ஸ்கூல்ல இடம் கிடைச்சிருக்கு. இனிமே எங்க வேணா இருக்கலாமாம்" என்றாள் நெனிதா.

டெர்ரி வாயிலிருந்ததை விழுங்கினார். பிறகு ரோடெல் பக்கம் திரும்பினார்.

"வேற வெல்டர் யாராவது தெரிஞ்சா வரச் சொல்லு, மேட். ஊரைப் பத்தி நானே அவங்ககிட்ட பேசறேன்."

"வேண்டாம் டெர்ரி" என்றார் ரோடெல். "நான் பேசிக்கறேன்."