கப்பலில் வரவேண்டிய புஜம்

கிருஷ்ணமூர்த்தி சாரின் புஜத்தைப் பார்த்தவர்கள் அந்தமானின் ஃபீனிக்ஸ் பே துறைப் பக்கம் யாரும் இல்லை. வேர்த்துக் கொட்டும் போர்ட் பிளேர் வெயிலிலும் மணிக்கட்டுவரை பொத்தான் போட்ட முழுக்கைச் சட்டைதான். உள்ளே என்ன இருக்கிறது என்பது அவருக்கும் ஆண்டவனுக்கும் மட்டும் தெரிந்த சங்கதி. ஆனாலும் வீரமாருதி தேகப்பயிற்சிக் கழகத்தின் நிரந்தரச் செயலாளர் அவர்தான். பகலில் சர்க்கார் ஆபீஸில் கோப்பு தள்ளுவார். மாலையில் ஜெட்டிக்குப் பின்னாலிருந்த தகரக் கொட்டகையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அடுத்தவன் எடை தூக்குவதைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். அவர் செய்த பயிற்சி அது ஒன்றுதான்.

அவரிடம்தான் போய் மாட்டினான் பிரகாசம்.

தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து தீவுக்கு வந்து குடியேறிய மீன்பிடிக் குடும்பம் அவனுடையது. அப்பன் இல்லை. மாமன் சவரிமுத்து படகு வைத்திருந்தார். பரம்பரையே கடலில் மிதந்து பிழைத்தது. பிரகாசத்துக்கு மட்டும் படகு கரையைவிட்டு நகர்ந்ததும் குடல் வாய்க்கு வந்துவிடும். அவன் கடலிலிருந்து எடுத்ததைவிடக் கடலுக்குக் கொடுத்ததே அதிகம் என்று மாமன் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். ஆகவே ஆடாத தரையில் ஒரு வேலை வேண்டும். ஜெட்டியில் சரக்கு இறக்கும் கலாசிகளில் இரண்டு பேர் வயதாகி விலகியிருந்தார்கள். அடுத்த கப்பல் வரும் அன்று புது ஆட்களை மூட்டை தூக்கவிட்டுப் பார்த்து எடுப்பதாக மேஸ்திரி அப்பாராவ் சொல்லியிருந்தார். தேறாவிட்டால் மாமனின் படகுதான் கதி.

முதல் நாளே கிருஷ்ணமூர்த்தி சார் மெட்ராஸிலிருந்து வரவழைத்த புத்தகத்தைப் பிரித்துவைத்துக்கொண்டு விசாரணையைத் தொடங்கினார்.

“வீட்ல என்ன சாப்பாடு?”

“மீனு, சார்.”

“காலையில?”

“மீனு.”

“ராத்திரி?”

“மிச்ச மீனு.”

பாவசங்கீர்த்தனத்தில் கொலைக்குற்றம் கேட்ட சாமியாரைப்போல சார் கண்ணை மூடிக்கொண்டார்.

“மீன் தொட்டா எப்படி இருக்கு? வழவழன்னு. தின்னா சதையும் அப்படித்தான் வளரும். இன்னியோட நிறுத்திடு. பாதாம், பசும்பால், நெய், கொண்டைக்கடலை. புத்தகத்துல தெளிவாப் போட்டிருக்கான்.”

“பஜார்ல கடலையே தீந்துபோச்சே. பாதாமுக்கு எங்க சார் போவேன்?”

“மெயின்லேண்டுக்கு எழுதியாச்சு. கப்பல்ல வருது. அதுவரைக்கும் கஞ்சி குடி. வயிறு சுத்தமாகட்டும்.”

பிறகு கழகத்தின் சொத்தைக் காட்டினார். ஓர் இரும்புக் கம்பி, இரண்டு முனையிலும் சிமெண்டு ஊற்றி இறுகிய பெரிய டால்டா டின்கள். ஆரம்பக்காரனுக்குச் சின்ன டின் கிடையாதா என்று பிரகாசம் கேட்டான். சின்னதைத் தூக்கினால் சின்ன உடம்புதான் வரும் என்று பதில் வந்தது. தினமும் தூக்க வேண்டும், ஓய்வு என்பது சோம்பேறிகள் கண்டுபிடித்தது, ஞாயிற்றுக்கிழமையும் பூசை முடிந்த கையோடு வந்துவிட வேண்டும்.

கப்பல் வரவில்லை. இயந்திரம் பழுது என்றார்கள். பிறகு வங்கக்கடலில் புயல் என்றார்கள். பிறகு காரணம் சொல்வதையே நிறுத்திவிட்டார்கள். பிரகாசம் கஞ்சி குடித்துவிட்டுத் தினமும் சிமெண்டு தூக்கினான். முதுகு பிடித்துக்கொண்டது. சட்டை தொளதொளத்தது.

“ஏலே, சூரைய வெட்டிக் கொழம்பு வச்சிருக்கேன், மூஞ்சத் திருப்புத. சீக்காளியா நீ?” என்று அம்மா அமுதம் கரண்டியோடு நிற்பாள்.

“சீக்காளி இல்லம்மா, பயில்வான்,” என்பாள் தங்கை சிசிலியா. “கையத் தூக்கச் சொல்லிப் பாரேன். சட்டை மட்டுந்தான் மேல வருது.”

“வாய மூடுட்டீ!”

குழம்பு வாசனை அடிக்க அடிக்கக் கஞ்சியை முறைத்துக்கொண்டு குடிப்பான். அவனிடம் நாளொரு மேனியாக வளர்ந்தது கோபம் ஒன்றுதான்.

ஒருவழியாகக் கப்பல் வந்தது. பாதாமும் பரீட்சையும் ஒன்றாகவே வந்து இறங்கின. பாதாம் தின்று வளர வேண்டிய புஜம்தான் அந்தப் பாதாமை இறக்கியும் ஆக வேண்டும் என்பதைக் கழகத்தில் ஒருவரும் யோசித்திருக்கவில்லை. பிரகாசத்தின் பங்குக்கு வந்தது கொண்டைக்கடலை மூட்டை. குனிந்தான். இடுப்பை முறித்து ஒரே எம்பாக எம்பினான். கப்பலிலிருந்து இறங்கும் பலகையில் இரண்டடி வைப்பதற்குள் அவன் கீழும் மூட்டை மேலுமாகக் கிடந்தார்கள். ஜெட்டியே சிரித்தது.

“அரே பாய், கமர் சே நஹி! டாங் சே, டாங் சே!” என்று அப்பாராவ் தன் தொடையில் தட்டிக் காட்டிக் கத்தினார். இடுப்பால் தூக்காதே, காலால் தூக்கு. ஒரு இடம் வங்காளிப் பையன் ஒருவனுக்குப் போனது. இன்னொன்றுக்கு அன்றைக்கு யாரும் தேறவில்லை. அடுத்த கப்பலில் பார்க்கலாம் என்று மேஸ்திரி கையை உதறினார்.

பார்சலை வாங்க வந்திருந்த கிருஷ்ணமூர்த்தி சார், விழுந்தவனைக் குனிந்து பார்த்தார்.

“அவசரப்பட்டுட்டியே தம்பி. பாதாம் இப்பத்தானே வந்திருக்கு?”

பிரகாசத்தின் காதுமடல் சிவந்தது.

“சுத்திக் கடலு. வீட்ல சட்டி நெறைய மீனு. என்னக் கஞ்சி குடிக்க வச்சீரே, நீரு மனுசனாவே?”

“கோபப்பட்டா தசை சுருங்கும்னு புத்தகத்துல—”

“அந்தப் புத்தகத்த நீரே தூக்கும். உமக்கு அவ்ளோதான் முடியும்!”

வீட்டுக்கு வந்தவன் சூரைக் குழம்புச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு முழுசாகத் தின்றான். அப்புறம் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டான். சாப்பிட மட்டும் எழுந்தான். தின்றான், மறுபடி படுத்தான். வாசலில் நின்று மாமன் கெடு சொன்னார்.

“அடுத்த கப்பல் வரைக்குந்தாம்ல. அப்புறம் நீ வாந்தியெடுத்தாலும் என் படவுலதான் எடுக்கணும்.”

அந்த ஆத்திரத்தில் எழுந்தவன் கொல்லையில் கிடந்த மணல் மூட்டையை எட்டி உதைத்தான். கால் வலித்தது. அதனால் இன்னும் கோபம் வந்து, குந்தி உட்கார்ந்து அதைத் தூக்கினான். மூட்டை வந்துவிட்டது. கஞ்சி குடித்த நாட்களில் அவன் தூக்கிப் பார்த்து அசையாத மூட்டை அது. கீழே போட்டுவிட்டு அதையே வெறித்துப் பார்த்தான். முறுக்கிக்கொண்டு படுத்துக் கிடந்தபோது உடம்பு தன்பாட்டுக்குத் தன் வேலையைப் பார்த்திருக்கிறது! இதை ஒரு பயலும் சொல்லவில்லையே என்று நினைத்ததும், ஆறிக்கொண்டிருந்த கோபம் திரும்பக் கொதித்தது.

அதன்பிறகு கழகத்துப் பக்கமே அவன் போகவில்லை. மூட்டையில் பாதி மணலைக் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்கினான். முதுகு நிமிர்ந்திருக்க, தொடை நடுங்க, குந்தி எழுந்தான். எடை லேசாகத் தெரிந்த பிறகுதான் மூட்டைக்கு இன்னொரு கொட்டாங்கச்சி மணல் கிடைத்தது. ஒருநாள் தூக்கினால் மறுநாள் தூக்குவதில்லை. எல்லா வேளையும் மீன்.

“பயில்வானுக்கு இன்னும் ரெண்டு துண்டு போடும்மா,” என்றாள் சிசிலியா. “இல்லாட்டி நம்மளத் தூக்கித் தின்னுருவான்.” அவள் குரலில் கேலி பாதிதான் இருந்தது.

அடுத்த கப்பல் வந்த அன்று பிரகாசம் நேராக மூட்டைக்குப் போனான். குந்தினான், எழுந்தான், நடந்தான். அரிசி, சிமெண்டு, மறுபடி அரிசி. பாதிவழியில் மூட்டையைப் போட்டவன் வெளியே என்பது மேஸ்திரியின் சட்டம். போட்டியிட்டவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்துவிட, அவன் மட்டும் நடந்துகொண்டிருந்தான். அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது. மெயின்லேண்டிலிருந்து புதிதாக வந்த அதிகாரி ஒருவரிடம் கிருஷ்ணமூர்த்தி சார் விரல் நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்.

“நம்ம பையன் சார். நம்ம கழகம். பாதாம் குடுத்தே வளர்த்த உடம்பு!”

பிரகாசத்தின் கண் இருட்டியது. முதுகில் அரிசி மூட்டை. அதை அந்த மனிதர் காலடியில் போட்டுவிட்டுக் கத்தினால் நெஞ்சு ஆறும், வேலை போகும். ஜெட்டி ஓரத்தில் மாமனின் படகு ஆடிக்கொண்டிருந்தது. பார்த்தாலே குமட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு கிடங்குவரை நடந்து, மூட்டையை அடுக்கில் வைத்துவிட்டு, வந்த வேகத்தில் சாருக்கு முன்னால் போய் நின்றான்.

“பாதாமா? ஒத்தப் பாதாம் நான் கண்ணால பாத்திருக்கனாவே? எங்கம்மா பொங்கிப்போட்ட மீனுக்கு நீரு பேரு வாங்கிக்கிட்டு—”

அதிகாரி ஓரடி பின்வாங்கினார். சார் புன்னகையைக் கலைக்காமல், “ரொம்ப உணர்ச்சிகரமான பையன்,” என்றார்.

“ஏ கலாசி!” அப்பாராவின் குரல் கப்பலிலிருந்து வெடித்தது. “காம் கோன் கரேகா? தேரா பாப்?”

வேலையை யார் செய்வது, உன் அப்பனா என்று கேட்கிறார். சுற்றியிருந்தவர்கள் பிரகாசத்தையே பார்த்தார்கள். காலையிலிருந்து ‘அரே பாய்’ என்று மட்டுமே அழைத்த வாய் அது. கலாசி என்றுவிட்டது.

பிரகாசம் கப்பலைப் பார்த்தான், சாரைப் பார்த்தான். சொல்ல வேண்டியது தொண்டைவரை நிரம்பிக் கிடந்தது.

“இரும், வாறேன்,” என்று சாரிடம் உறுமிவிட்டு, அடுத்த மூட்டைக்கு ஓடினான்.