பெட்டி மூடும் முன்

கமரா மறுபடியும் காணாமற்போனது. பொருள் அதே இடத்தில்தான் இருந்தது. சவப்பெட்டியின் கால்மாட்டில், முக்காலித் தாங்கியின் மேல், பேர்னாட்டின் முகத்தைப் பார்த்தபடி. ரொஷேலின் லினக்ஸ் மடிகணினிக்குத்தான் அப்படியொன்று இருப்பதே தெரியவில்லை. பதிவுகளைத் திறந்து பார்த்தாள். யூஎஸ்பி சாதனம் துண்டிக்கப்பட்டது என்றது கடைசி வரி. வயரை யாரும் தொடவில்லை.

கொழும்புக் கொட்டாஞ்சேனைச் செத்தவீடுகளை வெளிநாட்டு உறவுகளுக்கு நேரலையில் காட்டுவது ரொஷேலின் தொழில். கொரோனாக் காலத்தில் வேறு வழியில்லாமல் தொடங்கியது, பிறகு விடவில்லை. அழுகிற வீட்டில் கமராக்காரி மண்டையைச் சொறிந்துகொண்டு நிற்பதைப்போல அவமானம் வேறில்லை. இன்று பார்க்க இருந்தவர்கள் இரண்டே பேர். லண்டனில் பேர்னாட்டின் தங்கை, கனடாவில் ஒரே மகன் மெல்ரோய். அவனுக்கு அங்கே இன்னும் வதிவிடப் பேப்பர் கிடைக்கவில்லை. வெளிக்கிட்டால் திரும்பிப் போக முடியாது. ஃபாதர் வந்து செபம் சொன்னதும் பெட்டியை மூடிப் பொரளை மயானத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள். அதற்குள் அவன் தகப்பனின் முகத்தை ஒருதரம் பார்த்துவிட வேண்டும்.

ரொஷேல் வயரை மாற்றினாள். செருகும் துளையை மாற்றினாள். மின்சாரம் போதவில்லையோ என்று தனி மின்னிணைப்புள்ள ஹப்பை வைத்துப் பார்த்து, அதுவும் சரிவராமல் கழற்றி எறிந்தாள். மின்சாரத்தை மிச்சம் பிடிக்கக் கணினிதான் கமராவைத் தூங்கவைக்கிறதோ என்று அந்த வசதியையும் நிறுத்தினாள். ஒவ்வொரு முறையும் கமராவில் பச்சை விளக்கு எரியும்; லண்டன் மாமி "தெரியுது பிள்ளை" என்று மூக்கைச் சிந்துவார். மெல்ரோய் அழைப்பில் சேர்ந்ததும் விளக்கு அணையும். அவனை வெளியே போகச் சொன்னால் எரியும். வரச் சொன்னால் அணையும். மடிகணினியின் சொந்தக் கமரா எப்போதோ பழுதாகிவிட்டது. கைபேசியில் கூப்பிட்டுப் பார்த்தார்கள். அவன் எடுத்ததும் அதுவும் கறுத்தது. பேய்க்கதை கேட்டால் சிரிக்கிற ஆள் ரொஷேல். இப்போது சிரிப்பு வரவில்லை. பயமாக இருந்தது.

"அன்ரி, எனக்கு விளங்கேல்ல. மெல்ரோய் அண்ணா வந்தா மட்டும் கட்டாகுது."

தலைமாட்டில் செபமாலையோடு இருந்த அருள்நாயகி, கணவனின் முகத்தைப் பார்த்தபடியே சொன்னார்.

"கமராவில பிழையில்ல மகள். இவர்தான். அவன் ஃபாதராகப் படிக்கப் போன குருமடத்தை விட்டு ஓடி வந்த அண்டைக்கு மாதா படத்துக்கு முன்னால நிண்டு சொன்னவர், செத்தாலும் என்ர முகத்தை அவனுக்குக் காட்டப்படாதெண்டு. சொன்னா சொன்னதுதான். ஹாபர்ல கிரேன் ஓட்டின காலத்திலயும் அப்பிடித்தான்."

மடிகணினிக்குள்ளிருந்து மெல்ரோயின் குரல் வந்தது. "எனக்குத் தெரியும் மம்மி. ஆனா ஒருக்காக் காட்டுங்க. மூட விட்டிடாதீங்க."

வாசலில் ஃபாதரின் கார் வந்து நின்றது. பந்தலில் இருந்தவர்கள் எழும்பினார்கள். அருள்நாயகியும் எழுந்தார். செபமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்து மடிகணினியைத் தூக்கினார். வயர் இழுபட்டுக் கமரா விழப் பார்த்தது. ரொஷேல் பாய்ந்து வயரைக் கணினியிலிருந்து பிடுங்கினாள்.

அருள்நாயகி திரையைக் கணவன் பக்கம் திருப்பி, அவருடைய முகத்துக்கு நேரே தாழ்த்திப் பிடித்தார். அழுது வீங்கிய மெல்ரோயின் முகம் திரை நிறைய இருந்தது.

"இஞ்ச பாருங்க. உங்கட முகத்தைக் காட்ட வேணாம். சொன்ன சொல்லை நீங்களே வச்சுக்கொள்ளுங்க. ஆனா போக முதல் அவனைப் பாத்திட்டுப் போங்க. எவ்வளவு மெலிஞ்சிட்டான் பாருங்க."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ஆனாலும் தலைமாட்டு மெழுகுதிரிகளின் சுடர் அசையவில்லை. ஃபாதர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"டடி," என்றான் மெல்ரோய். பிறகு, "மம்மி... தெரியுது. டடியைத் தெரியுது மம்மி."

ரொஷேல் மெல்லத் திரும்பிக் கமராவைப் பார்த்தாள். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பிடுங்கிய வயரின் முனை அவளுடைய கையில்தான் இருந்தது.