பீரோவில் இருந்த ஹவில்தார்

மீட்பர் ஆலயத்தின் செயலாளர் சாமுவேல் தம்பிதுரைக்கு தேசபக்தி வந்தது 1999ஆம் வருடம் ஜூலை மாதம், அன்னூர் டீக்கடை ஒன்றில். பேப்பரில் கார்கில் செய்தி படித்துக்கொண்டிருந்த ஒருவர் தலையைத் தூக்கி, "ஏனுங்க, உங்காளுங்க யாராச்சும் பட்டாளத்துல இருக்கறாங்களா?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். தம்பிதுரைதான் அந்தக் கேள்வியை வீட்டுக்கு எடுத்துப் போனார்.

சபையில் நூற்று நாற்பது குடும்பங்கள். அன்னூரில் அவர்களை யாரும் எதுவும் சொன்னதில்லை. கிறிஸ்துமஸ் கேக்கை வாங்கிக்கொண்டு பொங்கலுக்குக் கரும்பு கொடுத்தனுப்புகிறவர்கள்தான் சுற்றிலும். ஆனால் அந்த வருடம் வடக்கே ஆலயங்கள் தாக்கப்படுவதாக வந்த செய்திகள் நன்றாக இல்லை. யாராவது கேட்பதற்கு முன்பே பதிலைத் தயாராக வைத்திருப்பது நல்லது என்று தம்பிதுரை நினைத்தார். கூட்டுறவு சொசைட்டியில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். தீர்மானம் எழுதிக் கையெழுத்து வாங்காதவரை எந்த உணர்ச்சியும் அவருக்கு முழுமையடையாது.

ஆகஸ்ட் பதினைந்து ஞாயிற்றுக்கிழமையில் வந்ததைச் சபைக் கமிட்டி தேவனுடைய நடத்துதலாக எடுத்துக்கொண்டது. காலையில் கொடியேற்றம், பிறகு ஆராதனை, ஆராதனையின் முடிவில் சபையைச் சேர்ந்த படைவீரர் ஒருவருக்குப் பொன்னாடை. சிறப்பு விருந்தினராக வெள்ளியங்கிரிக் கவுண்டர். பருத்தி மில் வைத்திருப்பவர், விநாயகர் கோயில் திருப்பணிக் குழுவுக்குத் தலைவர். அவர் கண்ணால் பார்த்துவிட்டால் ஊரே பார்த்த மாதிரி. வாசலில் கட்ட, 'தேசமே எங்கள் நேசம்' என்ற எழுத்தோடு வீரரின் உருவம் வரைந்த துணி பேனர் ஒன்று. எல்லாம் ஏகமனதாக நிறைவேறியது.

பிறகுதான் வீரரைத் தேடினார்கள். ஓர் உறுப்பினர் எழுந்து, தன் மாமனார் இரட்சணிய சேனையில் இருந்தவர் என்றார். அது சேனை என்று பெயர் வைத்துக்கொண்ட சபைதான், இதில் சேராது என்று ஆயர் ஜெப்ரி மெதுவாகச் சொல்லி அவரை உட்காரவைத்தார். பதிவேட்டை இரண்டு முறை புரட்டினார்கள். ஒரே ஒரு பெயர்தான் கிடைத்தது: சத்தியசீலன், முன்னாள் ஹவில்தார், பதினேழு வருட சேவை. சத்தியசீலனை, அப்பமும் திராட்சரசமும் பெறும் திருவிருந்திலிருந்து விலக்கி வைத்துப் பதினோரு வருடம் ஆகியிருந்தது. விலக்கியது இதே கமிட்டி. தீர்மானத்தை எழுதியது இதே தம்பிதுரை.

அவர் செய்த குற்றம் இதுதான். சிக்னல்ஸ் பிரிவில் தொலைபேசிக் கம்பி இழுக்கிற வேலை அவருக்கு. அஸ்ஸாமின் தேஜ்பூரில் முகாமிட்டிருந்தபோது, முகாமின் கோயிலைப் பார்த்துக்கொண்ட பண்டிட்ஜி ஊருக்கு லீவில் போனார். கர்னல், ஆட்களை வரிசையில் நிற்கவைத்துப் பார்த்து, குடிக்காதவரும் விடியற்காலை நாலு மணிக்குத் தானாக எழுந்திருக்கிறவருமான ஒரே ஆளிடம் கோயில் சாவியைக் கொடுத்துவிட்டார். சத்தியசீலன் நாற்பது நாள் கோயிலைப் பெருக்கி, விளக்கேற்றி, மணியடித்தார். கடைசி நாளில் ஒரு போட்டோ எடுத்தார்கள். முழுச் சீருடையில், நெற்றியில் குங்குமத்தோடு, இரண்டு கையிலும் ஆரத்தித் தட்டை ஏந்தி நிற்கிறார். 1988இல் அவர் மனைவி ஜெபராணி, வீட்டில் நடந்த பெண்கள் ஜெபக்கூட்டத்தில் ஆல்பத்தைப் பெருமையோடு எடுத்துக் காட்டினார். மறுநாள் படம் கமிட்டிக்கு வந்துவிட்டது. சத்தியசீலனை அழைத்து, படத்தில் இருப்பது நீங்கள்தானா, ஆமா இல்லையா என்று கேட்டார்கள். ஆமாங்க என்றார். வேறெதுவும் கேட்கவில்லை. படத்தின் பின்பக்கம் சபையின் முத்திரையைக் குத்தி, ஒழுங்கு நடவடிக்கை ஃபைலில் வைத்து, வெஸ்ட்ரி எனப்படும் ஆயர் அறையின் பீரோவில் பூட்டினார்கள்.

சபை முன்னால் முழங்காலிட்டு, செய்தது பாவம் என்று அறிக்கையிட்டால் திரும்பச் சேர்த்துக்கொள்வார்கள். வருடா வருடம், ஈஸ்டருக்கு முந்தைய லெந்து காலத்தில் ஆயர் கேட்பார். வருடா வருடம் சத்தியசீலன், அது டூட்டிங்க என்பார். மாதத்தின் முதல் ஞாயிறு மற்றவர்கள் திருவிருந்துக்குப் போகும்போது அவர் எழுந்து வாசலுக்குப் போய், வண்டிகளை நேராக நிறுத்துவார். அன்னூரிலேயே அணிவகுத்து நின்ற டி.வி.எஸ். ஐம்பதுகள் அந்த ஆலயத்தில்தான் இருந்தன.

பொன்னாடை விஷயத்தைச் சொல்ல தம்பிதுரையும் ஆயரும் அவர் வீட்டுக்குப் போனபோது, அந்த வீட்டில் வேறொரு கவலை ஓடிக்கொண்டிருந்தது. மகள் ஜெனிஷாவுக்கு ஈரோட்டில் ரயில்வே குமாஸ்தா ஒருவரோடு கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. செப்டம்பர் இரண்டு, ஈரோட்டு ஆலயத்தில். அதற்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் பெண்ணின் சபையில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று ஆயர் சபையைப் பார்த்து அறிவிப்பதுதான் ஓலை. அதற்கான சான்று இல்லாமல் ஈரோட்டில் கல்யாணம் நடத்தமாட்டார்கள். குடும்பத் தலைவர் ஒழுங்கு நடவடிக்கையில் இருந்தால் அந்த வீட்டு ஓலையை வாசிக்கக் கூடாது என்று இங்கே ஒரு தீர்மானம் இருந்தது. அதையும் எழுதியவர் தம்பிதுரைதான். மீதமிருந்தவை ஆகஸ்ட் பதினைந்து, இருபத்திரண்டு, இருபத்தொன்பது. ஒன்று தவறினாலும் கல்யாணம் இல்லை.

தம்பிதுரை தேசத்தைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினார். சத்தியசீலன் கேட்டுவிட்டு, ஓலை என்னாச்சுங்க என்றார். அறிக்கையிட்டுவிட்டால் ஒரு சிக்கலும் இல்லை என்றார் ஆயர். பொண்ணுக்காகவாவது முழங்கால் போடக்கூடாதா என்று ஜெபராணியும் கேட்டார். இதை அவர் ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"முழங்கால் போடறதுக்கு என்னங்க, போட்டர்லாம்," என்றார் சத்தியசீலன். "அப்பறம் சொல்ற வார்த்தைதானுங்க. நாப்பது நாளும் ஒழுங்கா செஞ்சனுங்க. அதப் பாவம்னு சொல்லிப்போட்டா, என்னைய நம்பிச் சாவி குடுத்த மனுசனுக்கு என்னங்க மரியாதை?"

கடைசியில் ஆயர் ஒரு வழி சொன்னார். ஓலைச் சீட்டை வேதாகமத்துக்குள் வைத்திருப்பார். பதினைந்தாம் தேதி செயலாளர் தலையசைத்தால் வாசிப்பார். செயலாளர் இதற்கும் தலையசைத்தார். விழா முடிகிறவரைக்கும் ஆமாம் என்று அசைத்தால் போதும், பிறகு கமிட்டி முடிவு செய்யட்டும் என்று தள்ளிவிடலாம் என்பதும், அடுத்த கமிட்டி கல்யாணம் கழிந்து செப்டம்பர் பன்னிரண்டில்தான் என்பதும் அவருக்குத் தெரியும். கிளம்பும்போது, பேனருக்குச் சீருடையில் ஒரு போட்டோ வேண்டுமே என்றார்.

"இருந்துச்சுங்க. ஒண்ணே ஒண்ணு," என்றார் ஜெபராணி. "உங்க பீரோவுலதான் கெடக்குது."

அப்படித்தான் விக்கிரக ஆராதனைக்கான ஆதாரம் பெயிண்டர் ஐயாசாமியின் கைக்குப் போனது. குங்குமத்தையும் தட்டையும் எடுத்துவிட்டு, கையில் துப்பாக்கி வைக்கச் சொன்னார் தம்பிதுரை. கட்சிக் கூட்டங்களுக்கும் சினிமாக் கொட்டகைக்கும் வரைந்து கைதேர்ந்த ஐயாசாமி படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"குங்குமம் போயிருமுங்க. கைதான் ரெண்டும் ஏந்துன மேனிக்கு இருக்குது. இதுல துப்பாக்கிய வெச்சா, கொழந்தையத் தூக்கிட்டு ஆசுபத்திரிக்கு ஓடற மாதிரி ஆயிருமுங்க."

ஏந்திய கையில் எதைத்தான் வைப்பது? தம்பிதுரை யோசித்தார். ஏந்திப் பிடிக்கத் தகுந்ததும், தனக்குப் பிடித்ததுமான ஒரே பொருள் அவருக்கு நினைவு வந்தது. ஐயாசாமி கறுப்பு அட்டையும் தங்கச் சிலுவையுமாக ஒரு வேதபுத்தகத்தை வரைந்துவிட்டு, போட்டோவைப் பீரோவுக்குத் திருப்பி அனுப்பினார். மனது வைத்து வரைந்ததால், தூரத்திலிருந்து பார்த்தால் ஆளைவிடப் புத்தகம்தான் முதலில் தெரிந்தது.

பதினைந்தாம் தேதி காலை ஏழரைக்கு வெள்ளியங்கிரிக் கவுண்டரின் அம்பாசிடர், சத்தியசீலன் நேராக்கி வைத்திருந்த வண்டி வரிசைக்குக் குறுக்கே வந்து நின்றது. கவுண்டர் இறங்கி, கும்பிட்டு, பேனரை நிமிர்ந்து பார்த்தார். பச்சைச் சீருடை. பின்னால் பனிமலை. மூவர்ணக் கொடி. நடுவில், பார்ப்பவரிடம் வேதபுத்தகத்தை நீட்டிக்கொண்டிருக்கும் ஹவில்தார்.

"இவருங்களா?" என்றார் கவுண்டர். "பட்டாளத்துல பைபிள் குடுத்துட்டு இருந்தாருங்களா?"

கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறுகிற ஊர் அது. அந்த மரியாதையைக் கேட்டதும் தம்பிதுரை பேனருக்கும் கவுண்டருக்கும் நடுவில் போய் நின்றார். இல்லீங்க, அப்படி இல்லீங்க என்றார். பெயிண்டர்மீது பழியைப் போடலாமா என்று பார்த்தார். ஐயாசாமி கொடிக்கம்பத்துக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தார். யாரையும் குறை சொல்ல வந்தவன் இல்லை, ஆனாலும் ராணுவத்தில் போய் மதம் பரப்பினவருக்கு மாலை போட்டேன் என்று நாளைக்கு ஊரில் நாலு பேர் பேசக்கூடாது பாருங்க என்று கவுண்டர் மேலும் மரியாதையாக விளக்கினார். அவர் டிரைவர் வண்டிக் கதவை மறுபடி திறந்தார்.

"செயலாளரய்யா, அந்தப் போட்டோவக் காட்டுங்க," என்றார் கூட்டத்திலிருந்து ஜெபராணி. "பத்தரமாத்தானே வெச்சிருக்கீங்க."

தம்பிதுரை வெஸ்ட்ரிக்குப் போனார். அறுபத்திரண்டு வயதில் அவர் ஓடியதைச் சபை அன்றுதான் பார்த்தது. ஃபைலோடு வெளியே வந்தவர், அட்டையில் 'ஒழுங்கு நடவடிக்கை' என்று எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டுத் திரும்பப் போய், படத்தை மட்டும் உருவிக்கொண்டு வந்தார்.

கவுண்டர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். குங்குமத்தைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், பேனருக்குக் கீழே நின்றிருந்த சத்தியசீலனைப் பார்த்தார். படத்தைத் திருப்பினார்.

"பொறத்தால சர்ச்சு சீலெல்லாம் போட்டு வெச்சிருக்கறீங்க."

"காணாமப் போயிரக் கூடாதுன்னுதானுங்க," என்றார் தம்பிதுரை. "பதினோரு வருசமா பீரோவுல வெச்சுப் பூட்டிக் காப்பாத்தறமுங்க."

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. கவுண்டர் சத்தியசீலனைப் பக்கத்தில் கூப்பிட்டு விவரம் கேட்டார். சாவி, பண்டிட்ஜி, நாற்பது நாள் எல்லாவற்றையும் அவர் ரிப்போர்ட் கொடுக்கிற குரலில் சொன்னார். கவுண்டருக்கு ஒரு சந்தேகம் மிஞ்சியது.

"மந்தரம் என்னங்க சொன்னீங்க?"

"மந்தரமெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. பரமண்டல ஜெபம்தான் சொன்னனுங்க. தமிழ்ல. வடக்கத்திப் பசங்க, மெட்ராஸ் பக்கத்துச் சமஸ்கிருதம்னு நெனச்சுட்டுக் கும்புட்டுக்குவாங்க."

ஆயர் ஜெப்ரி கண்ணை மூடிக்கொண்டார். பதினோரு வருடத்தில் இதை யாரும் கேட்டிருக்கவில்லை. விக்கிரகத்தின் முன் இயேசு கற்பித்த அந்த ஜெபம் என்பது குற்றத்தைக் கூட்டுமா குறைக்குமா என்று அவருக்கு உடனே சொல்லத் தெரியவில்லை. தம்பிதுரை ஆயரைப் பார்க்கவில்லை, கவுண்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாப்பது நாளும் வெளக்கு அணையாம எரிஞ்சுதுங்களா?" என்றார் கவுண்டர்.

"ஒரு நாளும் அணையலீங்க."

"அப்பறமென்னங்க," என்று கவுண்டர் கொடிக்கம்பத்தை நோக்கி நடந்தார். டிரைவர் கதவைச் சாத்தினார். கொடியை ஏற்றிவிட்டு அவர் இரண்டு நிமிடம் பேசினார். இந்தப் படத்தை எல்லோரும் பார்க்க வேண்டும், எங்கள் கோயில் கமிட்டிக்கும் ஒரு காப்பி வேண்டும் என்றார். ஆராதனைக்கும் இருந்து உட்கார்ந்தார். முதல் வரிசையில், நடு நாற்காலியில்.

அதனால் ஆராதனையில் அறிவிப்புகளுக்கான நேரம் வந்தபோது தம்பிதுரை நடு நடையில் நின்றுகொண்டிருந்தார். இரண்டு கையாலும் படத்தைத் தலைக்கு மேலே ஏந்தி, பெஞ்சு பெஞ்சாகக் காட்டி, இது நம் சபையின் சொத்து என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் நின்ற நிலை ஏறக்குறைய படத்தில் இருப்பவருடைய நிலை. ஆயர் அவர் தலையைப் பார்த்தார். பெஞ்சுகளின் பக்கம் ஒவ்வொன்றாகக் குனிந்து, அது அசைந்துகொண்டுதான் இருந்தது. ஆயர் வேதாகமத்திலிருந்து சீட்டை எடுத்தார்.

சத்தியசீலன், ஜெபராணி தம்பதியரின் குமாரத்தி ஜெனிஷாவின் பெயரும் ஈரோட்டு மாப்பிள்ளையின் பெயரும் முதல் முறையாக வாசிக்கப்பட்டன. இவர்கள் விவாகத்துக்குத் தடை ஏதேனும் இருப்பதாக அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும் என்றார் ஆயர். தம்பிதுரையின் கை மேலேயே நின்றுவிட்டது. வாய் திறந்தது. தடைக்கான காரணம் அவர் தலைக்கு மேலே இருந்தது.

ஓலை என்ற வழக்கத்தை அறியாத கவுண்டர், கேள்வி சிறப்பு விருந்தினரிடம்தான் கேட்கப்பட்டது என்று எடுத்துக்கொண்டார். நாற்காலியிலிருந்து எழுந்து, சபையைத் திரும்பிப் பார்த்துக் கும்பிட்டார்.

"தடையெல்லாம் ஒண்ணுமில்லீங்க. நல்ல குடும்பமுங்க. தாராளமா நடத்துங்க."

சபை ஆமென் என்றது. தம்பிதுரை வாயை மூடினார். பொன்னாடை போர்த்தி முடிந்ததும் ஜெபராணி அவர் முன்னால் போய்க் கையை நீட்டினார். கவுண்டர் பார்த்துக்கொண்டிருந்ததால் படத்தைக் கொடுக்க வேண்டியதாயிற்று. அன்றைய மினிட்ஸில், ஓலை வாசிக்கப்பட்டது, தடை இல்லை என்று சிறப்பு விருந்தினர் அறிவித்தார் என்று பதிவாயிற்று. இருபத்திரண்டிலும் இருபத்தொன்பதிலும் தம்பிதுரை இருமியதோடு சரி.

கல்யாணம் வியாழக்கிழமை ஈரோட்டில் நடந்தது. அடுத்த ஞாயிறு மாதத்தின் முதல் ஞாயிறு. ஒழுங்கு நடவடிக்கையை யாரும் ரத்து செய்யவில்லை. செய்ய வேண்டுமானால் ஃபைலைத் திறக்க வேண்டும். திறந்தால் ஆதாரம் எங்கே என்ற கேள்வி வரும். திருவிருந்துக்கு ஆயர் அழைத்ததும் சத்தியசீலன் வழக்கம்போல எழுந்து வாசலுக்குப் போய், வண்டிகளை நேராக்க ஆரம்பித்தார். கடைசி வரிசையில் கைவைத்தபோது ஜெபராணி வெளியே வந்தார்.

"டி.வி.எஸ். அம்பது எங்கயும் ஓடிப்போயிராதுங்க," என்றார். "உள்ள வாங்க."